40 கால்களில் 7 கால்: பழைய மைக்ரோகன்ட்ரோலர்களுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் திறமூல சிப் புரோகிராமர், அதாவது சிப்புக்குள் நிரலை எழுதும் கருவி, இன்றைய ஃபிளாஷ் மைக்ரோகன்ட்ரோலர்களையும் 5 வோல்ட் சீரியல் மெமரிகளையும் தொல்லையில்லாமல் எழுதுகிறது. பழைய சிப்புகள் என்று வந்தால் கையை விரித்துவிடுகிறது. இன்டெல் 8748, 8751, மோட்டோரோலா 68705பி3, ஏட்மெல் 89சி51, 89சி2051, மைக்ரோசிப் 16சி54, 12எஃப்629 ஆகிய ஏழு வகைகளை அடுத்த பதிப்பில் சேர்ப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது. இவற்றில் சில உற்பத்தியே நின்றுபோனவை. மற்றவற்றைப் புதிதாக வடிவமைப்பவர்கள் யாரும் கையில் எடுப்பதில்லை. இந்த வேலைக்கு எங்களுக்கு வேண்டியவை சிப்புகள், கருவிகள், உதிரிபாகங்கள், பணம். தேவையும் இதே வரிசையில்தான். பணத்தைக் கடைசியில் எழுதியது கூச்சத்தால் அல்ல. எவ்வளவு பணம் வந்தாலும் நல்ல 8748 கிடைக்காவிட்டால் வேலை ஓர் அடி நகராது.

எடைபோடும் கருவி, பின்னல் இயந்திரம், லிஃப்ட் போர்டு, ஆய்வகக் கருவி என்று இந்தச் சிப்புகள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் நிறைய. பல நேரங்களில் அந்த இயந்திரத்தின் நிரலுக்கு உலகத்திலேயே ஒரே பிரதி அந்தச் சிப்புக்குள்தான் இருக்கும். அந்தக் காலத்துப் புரோகிராமர் கருவிகள் பழைய கணினிகளின் பேரலல் போர்ட்டும் டாஸும் கேட்கின்றன. இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல 18 வோல்ட்டிலோ 21 வோல்ட்டிலோ நின்றுவிடுகின்றன. 8748-ஐ எழுத 25 வேண்டும்.

மென்பொருளின் சிப் பட்டியலில் நாலு வரி சேர்த்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மென்பொருள் வேலை உண்மையிலேயே சின்னதுதான். சிக்கல் சிப்பைச் செருகும் சாக்கெட்டில் இருக்கிறது. எல்லாச் சிப்புகளையும் 40 கால் சாக்கெட்டின் மேல்முனையை ஒட்டி வைத்தால், எழுதும்போது உயர் மின்னழுத்தம் போக வேண்டிய கால்கள் மொத்தம் ஏழு: 1, 4, 6, 7, 25, 26, 31. முதல் கால் 89சி2051-க்கு ரீசெட். எழுதும்போது அதில் 12 வோல்ட் ஏற வேண்டும். 12எஃப்629-ஐ வைத்தால் அதே முதல் கால்தான் 5 வோல்ட் மின்வழங்கல். ஸ்விட்ச் ஒன்று தவறான நேரத்தில் திறந்தால் சிப் செத்துவிடும். 8748 இன்னும் ஒரு படி மேல்: 26-ஆம் காலில் 25 வோல்ட் இருக்கும்போதே 7-லும் 25-லும் 23 வோல்ட் வேண்டும். ஆகவே இரண்டு தனித்தனி அழுத்தத் தடங்கள், ஏழு கால்களுக்கும் இரண்டு தடம் என்று 14 ஸ்விட்சுகள்.

முதல் வரைவில் ஸ்விட்சுக்கு பிஎஸ்எஸ்84 என்ற பி-சேனல் மாஸ்ஃபெட்டை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வைத்திருந்தோம். 50 வோல்ட் தாங்கும் என்பதால் கண்ணுக்குச் சரியாகவே படும். ஆனால் அதை இயக்கும் முனையான கேட்டுக்கும் மின்சாரம் நுழையும் சோர்ஸுக்கும் இடையே 20 வோல்ட்தான் வரம்பு. 25 வோல்ட் தடத்தில் கேட்டை நேராகத் தரைக்கு இழுத்தால் அது துளைத்துக்கொண்டு போய்விடும். அந்த அழுத்தத்தைக் குறைக்க ரெசிஸ்டர் பிரிப்பானோ ஜீனர் டயோடோ கட்டாயம். அதன் திறப்பு மின்தடை 10 ஓம் வரை போகலாம் என்பதும் உதைக்கிறது: 30 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட் அங்கேயே இறங்கிவிடும். 8751-இன் ஒரு வகையான 8751எச் கேட்பது 21 வோல்ட், கூடக் குறைய அரை வோல்ட். அந்த அரையில் பாதிக்கு மேல் ஸ்விட்சே தின்றுவிடுகிறது. மின்தடை குறைந்த வேறு மாஸ்ஃபெட்டுக்கு மாறுவதற்காகத்தான் போர்டை மறுபடி அச்சிட வேண்டியிருக்கிறது.

8751எச் பற்றி இன்னொன்று. இஏ என்ற 31-ஆம் காலில் 21.5 வோல்ட்டுக்கு மேல் ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் தாண்டினாலும் சிப் நிரந்தரமாகக் கெடலாம் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. 5 வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வர்ட்டர் கிளம்பும்போது ஒரு துள்ளு துள்ளும். மல்டிமீட்டரில் அது தெரியவே தெரியாது, திரையில் 21.0 என்று சாதுவாக நிற்கும். அதனால் பூஸ்ட்டுக்குப் பின்னால் அழுத்தத்தை நிலையாக வைக்கும் ஒரு லீனியர் ரெகுலேட்டர் வைத்து, ஒவ்வொரு போர்டையும் மின்னழுத்தத்தை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே சிப்பை வைக்க வேண்டும். மின்சாரக் கணக்கும் இடிக்கிறது. என்மாஸ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்த சிப் என்பதால் 8751எச் 5 வோல்ட்டில் மட்டுமே 250 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். 21 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் என்றால் 0.63 வாட், பூஸ்ட்டின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் யூஎஸ்பி பக்கம் 180 மில்லி ஆம்பியர். இதற்கே 430 ஆகிவிட்டது. நம் போர்டு தன் பங்குக்கு எடுப்பதையும் கூட்டினால் யூஎஸ்பி 2-இன் 500 மில்லி ஆம்பியர் வரம்பு உடைகிறது. பாதி எழுதும்போது போர்ட் அணைந்தால் சிப்பில் அரைகுறை நிரல் நிற்கும். ஒரு பைட்டுக்கு 50 மில்லி விநாடி, 4096 பைட்டுக்கு 3 நிமிடம் 25 விநாடி. அவ்வளவு நேரமும் அழுத்தம் ஆடக் கூடாது. புதிய போர்டில் தனி மின்வழங்கல் வாய் வரும்.

8748-இல் ஆபத்து வேறு வகை. இந்தச் சிப்புக்குள் அடையாளக் குறி எதுவும் கிடையாது. 89சி51-ஐக் கேட்டால் 030, 031, 032 முகவரிகளில் இருந்து தன் தயாரிப்பாளர், வகை, எழுதும் அழுத்தம் 12 வோல்ட்டா 5 வோல்ட்டா என்பது வரை சொல்லிவிடும். 8748 வாயே திறக்காது. 8748 என்றால் 25 வோல்ட், 8748எச் என்றால் 21. ‘எச்’ என்ற ஓர் எழுத்தில் 4 வோல்ட் வித்தியாசம். அந்த எழுத்தோ முப்பது நாற்பது வருடம் தேய்ந்த அச்சில் இருக்கிறது. எழுத்து தெரியாத சிப்பை எங்கள் மென்பொருள் 21 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும். நிரல் ஏறவில்லை என்றால் இழப்பு எதுவும் இல்லை. பக்கத்திலேயே நான்கு இலக்கத் தேதிக் குறியும் இருக்கும்: 8723 என்றால் 1987-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம். 8751 என்று மட்டும் அச்சான சிப்பைப் பார்த்து அது வகையா, 1987-இன் 51-ஆம் வாரமா என்று குழம்புகிறவர்கள் உண்டு. குறை சொல்ல முடியாது.

சிப்பைத் தலைகீழாகவோ ஒரு கால் தள்ளியோ வைத்து 25 வோல்ட்டைக் கொடுத்தால் கதை முடிந்தது. இதற்கு இன்டெல்லே ஒரு வழி சொல்லியிருக்கிறது: சரியாக உட்கார்ந்த சிப்பின் 11-ஆம் காலில், அதாவது ஏஎல்இ-யில், கடிகாரத் துடிப்பு வரும். 3 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் 15-ஆல் வகுத்து 200 கிலோஹெர்ட்ஸ். எங்கள் ஃபர்ம்வேர் முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுத்து இந்தத் துடிப்பை எண்ணும். துடிப்பு இல்லையென்றால் உயர் அழுத்தத் தடமே திறக்காது. இதைச் சோதிக்கச் சில சிப்புகளை வேண்டுமென்றே தவறாக வைத்துப் பார்க்க வேண்டும். சாகப்போகிற சிப்புகளும் தேவை என்று கேட்பது இதனால்தான்.

இதோடு, 8748-ஐ அழித்தால் எல்லா பிட்டும் 0 ஆகும். 8751-இல் எல்லாம் 1. ‘காலியா’ என்று பார்க்கும் பொதுவான நிரல்துண்டை 8748-க்கு அப்படியே விட்டால் காலிச் சிப்பை நிரம்பியது என்று சொல்லும்.

68705பி3-ஐ எழுத 6-ஆம் காலில் 21 வோல்ட்டும் டைமர் காலில் 12 வோல்ட்டும் கொடுத்தால், அது உள்ளே இருக்கும் பூட்ஸ்ட்ராப் என்ற தொடக்க நிரலை ஓட்டி, வெளியே இருக்கும் 2716 ஈப்ராம் என்ற மெமரிச் சிப்பிலிருந்து தானே நகலெடுத்துக்கொள்ளும். அந்த ஈப்ராமும் முகவரி எண்ணும் கவுன்ட்டரும் தானே என்று நம் புரோகிராமர் நடிக்க வேண்டும். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்: இந்த வழியில் அதற்குள் எழுதலாம், எழுதியதை ஒப்பிடலாம், உள்ளே இருப்பதை வெளியே எடுக்க முடியாது. நகல் வேண்டும் என்பதற்காக இந்தச் சிப்பை அனுப்பாதீர்கள்.

12எஃப்629-இல் பலரும் சிப்பைக் கெடுப்பது அழிக்கும்போதுதான். 3எஃப்எஃப் முகவரியில் தொழிற்சாலை வைத்த ஆசிலேட்டர் திருத்த எண் இருக்கிறது. மொத்த அழிப்பில் அதுவும் போகும். போனால், தொடக்கத்திலேயே அந்த எண்ணைக் கேட்டுப் போகும் நிரல் திரும்பி வராமல் முகவரி 0-க்கே உருண்டு அங்கேயே சுற்றும். அழிப்பதற்கு முன் அதைப் படித்து, ஹெக்ஸில் 34 என்று தொடங்குகிறதா என்று பார்த்து, சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் கன்ஃபிகரேஷன் சொல்லின் மேல் இரண்டு பிட்டுகளையும் சேர்த்து எடுத்து வைத்து, அழித்த பின் இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். 34 இல்லையென்றால் மென்பொருள் அழிக்க மறுக்கும். எம்சிஎல்ஆர் என்ற 4-ஆம் காலில் 13 வோல்ட்டை மின்வழங்கலுக்கு முன்பே ஏற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய நிரல் ஓடத் தொடங்கி, நாம் பேச வேண்டிய இரண்டு கால்களையும் அது பிடித்துக்கொள்ளும்.

இனித் தேவைகள்.

புற ஊதா ஒளியால் அழிப்பதற்காக மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த 8748, 8748எச், 8751எச், 68705பி3 ஒவ்வொன்றிலும் ஐந்து சிப்பாவது வேண்டும், முடிந்தால் வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு தயாரிப்பாளர். என்இசி செய்த 8748-உம் ஏற்புடையதே. ஜன்னல் இல்லாத 16சி54-இல் ஓர் இடத்தில் ஒருமுறைதான் எழுத முடியும். அதில் இருபது கேட்கிறோம். ஒரே சிப்பில் முதல் 64 சொற்கள், பிறகு அடுத்த 64 என்று பகுதி பகுதியாகச் சோதித்துத்தான் இருபதோடு நிறுத்த முடிகிறது. ஃபிளாஷ் வகைகளான 89சி51, 89சி2051, 12எஃப்629 ஆகியவற்றில் மும்மூன்று போதும்.

கருவிகளில் முதலிடம் 50 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ போகும் இரு சேனல் ஆசிலோஸ்கோப் இரண்டுக்கு, பழையதானாலும் பரவாயில்லை. அடுத்து, 254 நானோமீட்டர் புற ஊதா அழிப்புப் பெட்டி இரண்டு, மூடியைத் திறந்தால் விளக்கு அணையும் வகையில். அழிக்கத் தேவையான அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 வாட்-விநாடி. 12 மில்லிவாட் தரும் விளக்கில் கணக்குப்படி 21 நிமிடம். அரை மணி என்று வைத்துக்கொள்கிறோம். நகப்பூச்சு உலர்த்தும் விளக்கையும் ஊதா எல்ஈடியையும் நல்ல மனதோடு அனுப்புகிறார்கள். அவற்றின் அலைநீளம் 365 நானோமீட்டருக்கு மேல். அவற்றை நம்பி சிப்பை அழிக்க முடியாது.

உதிரிபாகங்கள் ஆறு மாதிரிப் போர்டுகளுக்கு: சிப்பை அழுத்தாமல் வைத்து எடுக்கும் அகலமான 40 கால் ஜிஃப் சாக்கெட் ஆறு, எல்எம்317 ரெகுலேட்டர் பன்னிரண்டு, ஸ்விட்ச் மாஸ்ஃபெட் 84, அவற்றை இயக்கும் என்-சேனல் மாஸ்ஃபெட் 84, கெடுவதற்கென்று பத்து சதவீதம் கூடுதல். வாங்குவதற்கு முன் சரியான எண்ணைத் திட்டத்தின் மூலநிரல் களஞ்சியத்தில் உள்ள பாகப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்ஃபெட் வகை இன்னும் ஒருமுறை மாறலாம்.

பணமாகத் தருபவர்களுக்கு: முதலில் போர்டு அச்சிடுவதற்கு, பிறகு நன்கொடையாகக் கிடைக்காத சிப்புகளுக்கு, மிஞ்சினால் அஞ்சல் செலவுக்கு. யாருக்கும் சம்பளமாகப் போகாது. மாதாமாதம் வரவு செலவைக் களஞ்சியத்திலேயே வைப்போம். ஒரு வகைச் சிப்புக்கென்று குறிப்பிட்டுத் தந்தால் அதற்கே செலவிடுவோம். அந்த வகையைக் கைவிட நேர்ந்தால் கேட்டுவிட்டே மாற்றுவோம். உள்ளே இருப்பதைப் படிக்க விடாதபடி பூட்டு பிட் போட்ட சிப்பைத் திறக்கும் வேலையை எடுத்துக்கொள்ள மாட்டோம், அதற்கென்று தரும் பணத்தையும் வாங்க மாட்டோம்.

சிப் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஜன்னல் மேல் இருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். நேர் வெயிலில் ஒரு வாரம் போதும், உள்ளே இருப்பது அழிந்துபோக. ஸ்டிக்கர் இல்லையென்றால் ஒளி புகாத ஒன்றை ஒட்டுங்கள். பழைய கறுப்பு ஃபோமில் குத்தி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்; அந்த ஃபோம் வருடக்கணக்கில் பொடிந்து கால்களை அரிக்கும். புதிய ஆன்டி-ஸ்டாட்டிக் ஃபோமோ குழலோ போதும். கறுத்த கால்களைச் சுரண்ட வேண்டாம், பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தால் போதும். மேல் அச்சைத் துடைக்கவே துடைக்காதீர்கள், அந்த ‘எச்’ அதில்தான் இருக்கிறது.

உள்ளே ஏதாவது நிரல் இருந்தால் அழிக்கலாமா கூடாதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். சீட்டு இல்லாத சிப்பை, வகை அனுமதித்தால், மூன்று முறை படித்து ஒப்பிட்டுவிட்டே அழிப்போம். மூன்றும் ஒத்துவராத 8751-ஐ அழுத்தத்தை 4.5 வோல்ட்டுக்கு இறக்கி மறுபடி படிப்போம். மின்னூட்டம் கசிந்து தடுமாறும் பிட்டுகள் சில அப்போது தன் பழைய மதிப்பைக் காட்டும். படித்த கோப்பு அனுப்பியவருக்கு மட்டுமே திரும்பும்.

எதை அனுப்புவதானாலும் களஞ்சியத்தில் உள்ள நன்கொடைப் படிவத்தில் வகை, எண்ணிக்கை, தேதிக் குறி மூன்றையும் முதலில் நிரப்புங்கள். எங்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு சேர்ந்துவிட்ட வகையாக இருந்தால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், உங்கள் அஞ்சல் செலவு மிச்சம்.

நன்றியுடன்,
நன்கொடைக் குழு