வெந்நீரே போதும், அண்ணா

பென்சில்வேனியா,
ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சின்ன அத்தை சீட்டுப் பணத்துக்காக மறுபடி முறுக்கிக்கொண்டு போனதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் அப்பாவின் பழைய துப்பாக்கி. தேர்தலுக்காக ஒப்படைத்தது திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு என்றும், பட்டறைக்காரர் பேச்சைக் கேட்டு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே வடித்துவிடுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு இங்கே ஒரு வாத்தியார் கிடைத்திருக்கிறார். மாடியில் இருக்கும் கிழவர்தான். பனி கொட்டும்போதும் அரைக்கால் சட்டையோடு குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவாரே, போனில் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேனே, அவர். இந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரியிலும் தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. அதில் துப்பாக்கி என்றால் சக்கிமுக்கிக் கல்லில் பொறி பறந்து வெடிக்கும் பழைய மாதிரி மட்டும்தான். 1974-இலிருந்து நடக்கிறதாம். கிழவர் விடிவதற்குள் கிளம்பிப் போய், மானும் இல்லாமல், மூக்கு மட்டும் சிவந்து திரும்புவார். பிறகு தரையில் தட்டுவார். அது எனக்கு அழைப்பு. அவர் சமையலறையில் நல்ல சூடு இருக்கும். என் அறையில் ஹீட்டரைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன், அதிகச் சூடு எனக்குத் தலைவலி.

பயப்படாதீர்கள், நான் சுடுவதில்லை, துடைப்பதோடு சரி. இன்னொன்று கேளுங்கள். இந்த நாட்டு மத்திய அரசின் 1968 சட்டப்படி மருந்தைக் குழலின் வாய்வழியாகப் போட்டுக் கெட்டிக்கும் இந்த மாதிரிப் பழைய துப்பாக்கி துப்பாக்கிக் கணக்கிலேயே வராதாம். நம் ஊரில் அப்பா அதே சாமானின் லைசென்ஸுக்காகக் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் எத்தனை மதியம் காத்திருந்தார் என்று சொன்னேன். கிழவர் நம்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கிகளில் போடுகிற வெடிமருந்துக்குக் கருமருந்து என்று பெயர். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற கணக்கு. எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் வெண்புகையாகப் போய்விடும், மீதி குழலின் உள்சுவரில் படியும். அந்தப் படிவில் பெரும்பகுதி உப்பு. காற்றிலிருக்கிற ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும், அப்புறம் இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? உப்பு தண்ணீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெய் துருவை இளக்கலாம், ஆனால் துருவை உண்டாக்கின உப்பு அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். மேலே எண்ணெய் சேரச் சேர அந்தக் கரி தார் மாதிரி இறுகிக்கொள்வதும் உண்டு.

இங்கே ஆளுக்கொரு கஷாயம் வைத்திருக்கிறார்கள். கிழவரின் சிநேகிதர் ஒருவர் ரப்பிங் ஆல்கஹால், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, மரச்சாமான் துடைக்கும் மர்ஃபி சோப்பு மூன்றையும் சம அளவில் கலக்கிறார். நுரைத்துக்கொண்டு அழுக்கைக் கிளப்பத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கலந்து இறுக மூடி வைத்தால் வாயு சேர்ந்து புட்டி உப்பும், குழலில் தங்கவிட்டால் அதுவே துருவைக் கூட்டும். வேறு சிலர் கண்ணாடி துடைக்கிற திரவம், கார் கண்ணாடிக்குப் பீய்ச்சுகிற நீலத் தண்ணீர் என்று கையில் கிடைப்பதையெல்லாம் ஊற்றுகிறார்கள். என் கணக்கில் இவை எல்லாவற்றிலும் வேலை செய்வது உள்ளே இருக்கிற தண்ணீர்தான், மற்றதெல்லாம் வாசனைக்கு.

கிழவர் செய்வதைச் சொல்கிறேன். முதலில் கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டு அடிவரை போகிறதா என்று பார்ப்பார். கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். நீங்களும் இதை முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நோண்ட வேண்டாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்து, மருந்துக்கு நெருப்புப் போகிற சிறு துளையில் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகுவார். பாத்திரம் தேய்க்கிற சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெந்நீரை வாய்வழியாக நிரப்பி, கொஞ்ச நேரம் விட்டுக் கவிழ்ப்பார். மை போலக் கறுத்த தண்ணீர் கொட்டும். பிறகு கம்பி நுனியில் நனைந்த துணித்துண்டு. முதல் துண்டு கறுப்பு, அடுத்தது சாம்பல், அப்புறம் பழைய பனியன் நிறம். வெளுப்பாக வரும்வரை விடமாட்டார். நம்முடையது கல்லுக்குப் பதிலாக, தட்டினால் பொறி விடும் சின்ன உலோக மூடியான கேப் வைக்கிற துப்பாக்கி. கேப் உட்காரும் முனையைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தை வாளித் தண்ணீரில் வைத்துக் கம்பியை மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் தானே ஏறி இறங்கும், இன்னும் சுலபம். துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் ஈரம் போகாமல் குழலைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா என்று கேட்டாராமே. வேண்டவே வேண்டாம். இரும்பைத் தின்னும், அந்தக் கரியோடு சேர்ந்தால் விஷ வாயுவும் கிளம்பும். பிளீச்சும் அப்படித்தான், அதோடு ஆசிட் சேர்ந்தால் இன்னும் மோசம். கழுவி முடித்ததும் உலர்ந்த துணி, பிறகு அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். மறுநாள் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள், பழுப்பு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

போன ஞாயிறு கிழவர் வெந்நீர் ஊற்றியதும் அந்த அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. அண்ணா, எனக்குப் பேச்சே வரவில்லை. அப்பா திண்ணையில் குழலைச் சாய்த்துப் பிடிக்க, நான் சொம்பில் வெந்நீர் ஊற்ற, குடிக்கிற சொம்பையா எடுத்தீர்கள் என்று அம்மா உள்ளேயிருந்து கத்த, நீங்கள் வேப்பமரத்தடியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்களே. கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போடத் தெரியாத மனுஷன்.

அப்பா அன்றைக்கே வெந்நீரில்தானே கழுவினார்? பட்டறைக்காரரிடம் போனவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண் ஆறினதும் குழலை அவர் மடியில் வைத்துவிடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொடுக்கக் குட்டி இருக்கிறான்.

லைசென்ஸை உங்கள் பெயருக்கு மாற்றுவது நல்ல யோசனை. அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆபீஸில் சொன்னது சரியாகத்தான் இருக்கும். என் சம்மதப் பத்திரத்தில் என்ன வாசகம் வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். விற்றுவிடலாம் என்கிற மாமாவின் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டாம். மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்குவது நின்றுவிட்டதா என்ன?

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும். ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். நல்லதுதான், தூங்க நேரம் கிடைக்கிறது. அம்மாவிடம் பேங்க் விடுமுறை என்று சொல்லுங்கள். சின்ன அத்தைக்குச் சேர வேண்டியதை அதிலிருந்தே முதலில் கொடுத்துவிடுங்கள், ஆனால் மேலத்தெரு மாமாவைச் சாட்சி வைத்துக்கொண்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். போன தடவை மாதிரி வாசலில் நிற்கவைத்துக் கொடுக்க வேண்டாம்.

அன்புத் தம்பி