அவருக்கும் எங்களுக்கும் தோள் கொடுத்த எல்லோருக்கும்

ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல ஆசைதான். நடக்கிற காரியமாகத் தெரியவில்லை, அதனால் இங்கேயே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கண்ணிவெடியில் இடது காலை முட்டிக்குக் கீழே இழந்து ராணுவத்திலிருந்து வீட்டுக்கு வந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. நீங்கள்தான் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

முதலில் பிசியோதெரபி தம்பிக்கு. இல்லாத காலில் பெருவிரல் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது என்று அவர் ராத்திரியில் துடித்தபோது, சொந்தக்காரர்கள் சிலர் மனப்பிரமை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் போய்விடாது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் இல்லாத கால் இருப்பது போலத் தோன்றுவதைப் பற்றி 1871-லேயே எழுதியிருக்கிறார் என்று நீங்கள் விளக்கியதும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே! அப்புறம் அந்தக் கண்ணாடி. ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் 1990-களில் கொண்டுவந்த முறை என்று சொல்லி, இரண்டு காலுக்கும் நடுவில் அதை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடியே விரல்களை மெதுவாக விரிக்கச் சொன்னீர்கள். எல்லோருக்கும் கேட்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், அதற்குத் தனி நன்றி. அவருக்கு முழுசாகக் கேட்கவில்லை, தூங்குகிற அளவுக்குக் கேட்டது.

செயற்கைக் கால் செய்து கொடுத்தவருக்கு: மாட்டிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். மீதிக் கால் ஆரம்பத்தில் சுருங்கிக்கொண்டே வரும், காலையில் இறுக்கமாக இருந்த சாக்கெட், அதாவது மீதிக் கால் உள்ளே நுழைகிற கூடு, சாயங்காலம் லொடலொடவென்று ஆடும், மேலே இன்னொரு காலுறை போட வேண்டும், கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்தச் சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால் மறுபடி மாட்டக்கூடாது. இதையெல்லாம் எங்கள் பெண்ணுக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். இப்போது அவள்தான் தினமும் இன்ஸ்பெக்ஷன், அப்பா அட்டென்ஷனில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவருடைய படைத் தோழர்களே, தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள், எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போன் செய்யும்போதெல்லாம் "நீங்க தூங்குறீங்களா அண்ணி?" என்று என்னையும் கேட்டது நீங்கள் மட்டும்தான். போர் மனதில் விடுகிற காயம் பி.டி.எஸ்.டி. என்ற பெயரோடு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான் என்று ஆலோசகர் அம்மா சொன்னார். அதற்கு முன்னால் எத்தனை பெண்கள், நமக்கு வாய்த்தது முன்கோபி என்று நினைத்தே காலத்தை ஓட்டியிருப்பார்களோ!

வந்து உட்கார்ந்து அழுதவர்களுக்கும், வீரர் என்று சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் சரி, ஒரு வணக்கம். "கொஞ்சம் இந்த நட்டைப் பிடிங்க" என்று அவரையே வேலை வாங்கிக் குளியலறையில் கைப்பிடி மாட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்குத்தான் பெரிய நன்றி. உங்கள் டிரில் மெஷின் இன்னும் இங்கேதான் இருக்கிறது அண்ணா. அவர் அதை வைத்துக்கொண்டு பார்க்கிற சுவரிலெல்லாம் ஓட்டை போடுகிறார், தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.