மூன்று மணிக்கு மேல் ஏன் பீஸ் குறைகிறது? திருப்பூர் பனியன் கம்பெனி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் டெய்லராகத் தொடங்கி, 14 வருடம் லைன் சூப்பர்வைசராக, அதாவது ஒரு வரிசைத் தையல் மிஷின்களுக்கு மேற்பார்வையாளனாக, இருந்தவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை. வேலையில் இருந்தபோது மீட்டிங்கில் எழுந்து சொல்லத் தைரியம் வராத ஒன்றை இந்த மடலில் சொல்கிறேன்.

லைனுக்கு முன்னால் மாட்டியிருக்கும் உற்பத்திப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணிக்கு எத்தனை பீஸ் வந்தது என்று அதில் எழுதிக்கொண்டே வருவோம். காலையில் எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் இறங்கும். மூன்று மணிக்கு மேல் நன்றாகவே இறங்கும், ஏப்ரல் மே என்றால் கேட்கவே வேண்டாம். அதே நேரத்தில்தான் செக்கிங் டேபிளில் ஆல்ட்ரேஷன் பீஸும், அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க வேண்டியவையும், குவியும். மறுநாள் மீட்டிங்கில், "ஆளுங்க மத்தியானத்துக்கு மேல ஏமாத்தறாங்க" என்பீர்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்து லைனில் கத்துவேன். கத்தினால் அரை மணி நேரம் வேகம் வரும். அப்புறம் பழையபடி இறங்கும், தையலும் கோணலாகும்.

ஒரு மே மாதம் நடந்தது இது. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் ஓர் அக்கா, லைனிலேயே வேகமான கை. மூன்றரை மணி வாக்கில் மிஷின் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து அதட்டப் போனேன். பார்த்தால் மயக்கம். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்து டம்ளரை நீட்டினால், குடிக்க மாட்டேன் என்கிறார். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணும்ங்ணா. டோக்கன் இருக்காது, இருந்தாலும் நீங்க சத்தம் போடுவீங்க."

அந்தக் கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும், ஒரு லைனுக்கு இரண்டுதான். அவை என் சட்டைப் பையில்தான் இருக்கும். காலையில் வந்ததிலிருந்து அந்த அக்கா குடித்தது அரை பாட்டில் தண்ணீர்கூட இல்லை. மேலே தகரக் கூரை, தலைக்கு நேராக டியூப் லைட், லைன் முடிவில் அயர்ன் டேபிளின் ஆவி. இத்தனைக்கும் நடுவே தாகத்தோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கை எப்படி ஓடும்? அந்தத் தாகத்தைத்தான் இத்தனை வருடம் சோம்பேறித்தனம் என்று பலகையில் எழுதிவந்தேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். அந்த வாரத்திலிருந்து, டோக்கன் இல்லாமலே போய்வரலாம் என்று சொல்லி, டோக்கன்களை டிராயரில் போட்டுப் பூட்டினேன். லைன் ஒன்றும் கலைந்துபோகவில்லை. ஒருவர் எழுந்து போய்வர நாலைந்து நிமிடம் ஆகும், அதற்குள் பக்கத்து மிஷினில் இருப்பவர் துணிப் பண்டிலைத் தள்ளிக் கொடுத்துவிடுவார்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. இந்தியத் தொழிற்சாலைகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். சூரத்தின் நெசவுக் கூடங்களையும் வேறு ஊர்களின் தையல் கூடங்களையும் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். குளிரூட்டிய கூடங்களில் வெயில் நாளிலும் உற்பத்தி விழவில்லை. ஆனால் அங்கேயும் லீவு மட்டும் குறையவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஆராய்ச்சியிலேயே முக்கியமான செய்தி இதுதான். கம்பெனியைக் குளிர வைத்தாலும் ஆள் திரும்பிப் போய்ப் படுப்பது அனல் அடிக்கும் ரூமில்தானே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஒரு ரூமில் ஆறு பேர் படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஃபேன், அதற்குக் கீழே படுக்கத்தான் போட்டி.

தூக்கத்தைப் பற்றி நம் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு ஒரு மாதம் கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்துக் கவனித்தார்கள். இரவில் 8 மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். மெத்தை, ஃபேன், காது அடைப்பான் எல்லாம் கொடுத்துத் தூக்கத்தை அரை மணி நேரம் போலக் கூட்டியும் வேலையில் பெரிய மாற்றம் வரவில்லை. வேலை இடத்திலேயே மத்தியானம் அரை மணி நேரம் அமைதியாகக் கண் அயர விட்டபோதுதான் மாற்றம் தெரிந்தது. சும்மா உட்கார்ந்து ஓய்வெடுத்தவர்களைவிட அவர்களுடைய வேலையும் கவனமும் நன்றாக இருந்தன. தூங்கிய அரை மணி நேரத்தை வேலை நேரத்திலிருந்து எடுத்தால் அந்த நேரத்துக் கூலி போகிறது என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் வேலை நேரத்தில் தூங்க விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளை எப்படியும் இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதி வைத்தது. அந்த இடைவேளையில் நம் ஆட்கள் எங்கே படுக்கிறார்கள்? கட்டிங் டேபிளுக்கு அடியில், துணி மூட்டை மேல், சில நேரம் மாடிப்படியில். அங்கிருந்தும் எழுப்பிவிடுவார்கள், நானே எழுப்பியிருக்கிறேன். காற்று வரும் ஓர் அறையும் பத்துப் பாயும் போதும்.

விளக்கு விஷயமும் இருக்கிறது. பெங்களூரு பக்கம் ஆடைத் தொழிற்சாலைகளில் டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். மின்சாரம் மிச்சமானதோடு, அதிக வெயில் நாட்களில் உற்பத்தி விழுவதும் பெருமளவு குறைந்தது. எல்இடி அவ்வளவு சூடு கக்காது, காரணம் அதுதான். கரண்ட் பில்லுக்காக உங்களில் பலர் மாற்றியிருப்பீர்கள். மாற்றாத ஷெட்டுகளும் இன்னும் இருக்கின்றன.

அடுத்தது சம்பளம். எவ்வளவு என்பது தனிப் பேச்சு, நான் சொல்வது எப்போது என்பதை. சனிக்கிழமை வர வேண்டிய கூலி திங்கள் என்று தள்ளிப்போனால், அந்த இரண்டு நாளும் தைப்பவர் மனம் தையலில் இருக்காது. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்கு அவர்கள் சம்பாதித்த கூலியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்துப் பார்த்தார்கள். அதிகத் தட்டு தைத்தார்கள், தவறும் குறைந்தது. முன்னதாகக் கொடுத்ததில் கூடுதலாக ஒரு ரூபாய்கூட இல்லை, கடன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை மட்டும் போயிருந்தது. ஆர்டர் கொடுக்கும் பையரிடமிருந்து பணம் வரத் தாமதமாகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாமதத்தை முதலில் தாங்குவது வாடகை வீட்டில் இருப்பவராக இருக்கக் கூடாது.

வரும் ஏப்ரலில் உங்கள் கம்பெனியில் ஒரே ஒரு லைனில் செய்து பாருங்கள். டோக்கனை எடுத்துவிடுங்கள். பத்து மிஷினுக்கு ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். 250 பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும் என்று அதே 1948 சட்டம் சொன்னது, ஐம்பது பேர் இருந்தாலும் தாகம் ஒன்றுதான். கூரைக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மத்தியானம் படுக்கப் பாய் போடுங்கள். சூப்பர்வைசரிடம், இந்த ஒரு மாதம் சத்தம் போடாதே என்று நீங்களே சொல்லுங்கள், நீங்கள் சொன்னால்தான் அவர் கேட்பார். மே முடிந்ததும் அந்த லைனின் பலகையையும் பக்கத்து லைனின் பலகையையும் ஒன்றாக வைத்து, மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உள்ள எண்களையும் ஆல்ட்ரேஷன் கணக்கையும் பாருங்கள். பார்க்கும்போது அந்த இரண்டு லைன் டெய்லர்களையும் கூடக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லைன்களில் வேலை பார்த்த ஒருவன்