நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே எங்கள் வட்டார மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டை நடத்தும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். விசாரணையைப் பார்த்துக் குறிப்பெடுக்க வரும் எங்கள் நாலு பேரின் நோட்டையும் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே உட்காரலாம், எழுதக் கூடாதாம். யார் உத்தரவு என்று கேட்டேன். "மேலிருந்து" என்றார். மேலே பார்த்தேன், டியூப்லைட்தான் மினுக்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் எழுதுவதில் ரகசியம் ஒன்றுமில்லை. கோர்ட் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்த வழக்கு தள்ளிப்போனது, ஏன் போனது, அவ்வளவுதான். குழந்தைகள் சாட்சி சொல்ல வந்தால் யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிடுவோம்.

இப்போது உங்கள் மேசை டிராயரில் இருக்கும் என் நோட்டில் ஒரு ஆயாவுக்குத் தனிப் பக்கம் உண்டு. அவர் மகனை யாரோ கத்தியால் குத்திய வழக்கு. இரண்டு டாக்ஸி மாறி வருகிறார். வழக்கு எண்ணைக் கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதி நாலாக மடித்து வைத்திருக்கிறார். மடித்து மடித்துக் கடைசி இலக்கமே அழிந்துவிட்டது. அன்றைய பட்டியலைச் சுவரில் ஒட்டாததால் மூன்று அறை வாசலிலும் மாறி மாறி நின்றார். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒலிப்பதிவு மெஷின் ஓடவில்லை, வேறு தேதி என்றார்கள். இது ஐந்தாவது தடவை. முதலில் வக்கீல் வரவில்லை, அப்புறம் போலீஸ் டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, வரவில்லை, அப்புறம் மொழிபெயர்ப்பாளர் இல்லை, நாலாவது தடவை தண்ணீர் இல்லையென்று கட்டடத்தையே பூட்டிவிட்டீர்கள். "அடுத்த தடவையாவது நடக்குமா தம்பி?" என்று என்னைக் கேட்டார். என்ன சொல்வது? எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கும் இப்போது தடை.

வழக்கு விசாரணை பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 34, 35 பிரிவுகள் சொல்கின்றன. 1977ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. உங்களுக்கு நான் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014இல், காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸின் வழக்கை உலகமே டிவியில் பார்த்தது. பிரிட்டோரியாவில் நீதிபதி அனுமதியோடு காமிரா உள்ளே போனது. எங்கள் ஊரில் இருபது ராண்டுக்கு வாங்கிய குறிப்பு நோட்டு போகக் கூடாதா?

இந்த ஊரில் கேள்வி கேட்டாலே பிடிக்காது. 2022 வெள்ளத்துக்கு அப்புறம் டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்தபோதும் லாரித் தண்ணீர்தான் வந்தது, பதில் வரவில்லை. சரி, அது வேறு கதை. கேட்க வந்தது நோட்டைப் பற்றி.

ஆயாவின் ஆறாவது தேதி அடுத்த மாதம் 14. நாங்களும் வருவோம். தயவுசெய்து எழுத விடுங்கள். அன்றைக்காவது காலை எட்டரைக்குள் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மெஷினையும் முந்தின நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் புண்ணியமாகப் போகும்.

டிராயரில் இருப்பவற்றில் நீல அட்டை போட்டது என்னுடையது.

இப்படிக்கு,
பின் பெஞ்சில் உட்காரும் நால்வரில் ஒருவன்,
டர்பனுக்கு வடக்கே