‘கேஸ் ஊசி’யும் இரண்டு நிமிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அண்மையில் என் தாயார் இடுப்பெலும்பு முறிவுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் 11 நாள் தங்க நேர்ந்தது. துணைக்கு இருந்தவள் என்ற முறையில் அங்கே கண்டதையும், பணிக்காலம் முழுவதும் கண்டுவந்ததையும் சேர்த்து, நம் மக்கள் ‘கேஸ் ஊசி’ என்று அழைக்கும் அமிலக் குறைப்பு ஊசியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலையிலேயே அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார். காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார். கால்சியம் மாத்திரையையும் வலி மாத்திரையையும் தண்ணீர் விட்டு விழுங்குவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பான்டோபிரசோல் என்ற அந்த அமிலக் குறைப்பு ஊசி 40 மில்லிகிராம், அவர் புறங்கையில் பொருத்தியிருந்த வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் வழியாகத் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் மாலை, அந்தத் தளம் முழுவதையும் ஒருவராகவே கவனித்துக்கொண்டிருந்த இளம் செவிலியர் ஒருவர் சிரிஞ்சை மாட்டி, பத்து விநாடிக்குள் மருந்து முழுவதையும் தள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். ‘எரியுதும்மா’ என்று அம்மா கையை இழுத்துக்கொண்டார். மறுநாள் விடிந்தபோது புறங்கையிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு சிவந்த கோடு ஓடியிருந்தது. விரலால் தடவினால் தோலுக்கடியில் கயிறு போலத் தட்டுப்பட்டது. அந்த வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று.

அந்தப் பெண்ணை நான் குறை கூற மாட்டேன். ஒரு நோயாளிக்கு முழுதாக இரண்டு நிமிடம் ஒதுக்க அவருக்கு அன்று வழியில்லை. ஆனால் இந்த மருந்து அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்கிறது என்பதை அவருக்கு யாரேனும் சொல்லிக்கொடுத்தார்களா என்பதே என் கவலை.

பான்டோபிரசோல் ஊசி மருந்து நீராக வருவதில்லை. சிறு கண்ணாடிக் குப்பியின் அடியில் வெண்ணிறக் கட்டியாக உறைந்திருக்கும் தூளை 10 மில்லி சலைன் விட்டுக் கரைத்து, இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். அல்லது அந்தக் கரைசலை மேலும் சலைனிலோ குளுக்கோஸ் நீரிலோ கலந்து 100 மில்லியாக்கி, ஏறத்தாழ 15 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். கரைத்த நீரில் துகள் மிதந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ அதைக் கொட்டிவிட வேண்டும். இதைச் சிரையில் மட்டுமே போடலாம். (நரம்பு ஊசி என்று பேச்சில் சொல்கிறோமே, அது உண்மையில் சிரையில் போடுவதுதான்.) தசையில் போடக் கூடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன் நம் ஊர்களில் கேஸ் ஊசி என்றால் ரானிடிடின்தான். அதைத் தசையிலும் போடலாம் என்பதால் இடுப்பில் குத்தி அனுப்பும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த ரானிடிடினையும் சிரையில் போடுவதென்றால் 20 மில்லியாகக் கரைத்து ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டுதான் போட வேண்டும், வேகமாகத் தள்ளினால் நாடித்துடிப்பு இறங்கும் என்று என் மூத்த செவிலியர்கள் எனக்குக் கடிகாரத்தைக் காட்டிப் பழக்கினார்கள். ரானிடிடினில் புற்றுநோயைத் தூண்டக்கூடும் எனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது 2019-இல் வெளிப்பட்டது. 2020 ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளுமாறு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டது. 2022-இல் நம் நாட்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அதற்கு இடமில்லாமல் போயிற்று. இன்று பல இடங்களில் பான்டோபிரசோல் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. மருந்து மாறிய அளவுக்குக் கைப்பழக்கம் மாறவில்லை.

கலப்பதிலும் இதே அசட்டை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பணியில், பயிற்சி மாணவி ஒருத்தி பான்டோபிரசோல் கரைசல் இருந்த சிரிஞ்சிலேயே வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரானையும் உறிஞ்சினாள். இரண்டையும் ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை தெளிந்திருந்த மருந்து எங்கள் இருவர் கண்ணெதிரே அரிசி களைந்த நீர் போல வெளுத்தது. விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். மெல்லிய துகள்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. பான்டோபிரசோல் கரைசல் காரத்தன்மை மிகுந்தது; அமிலத்தன்மையிலேயே கரைந்து நிற்கும் மருந்துகள் அதனோடு சேர்ந்தால் இப்படிப் படிந்துவிடும். மயக்கம் தரப் பயன்படும் மிடசோலத்தோடும் இதைச் சேர்க்கக் கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. இந்த ஊசிக்கு முன்னும் பின்னும் சிறிது சலைன் செலுத்தி வென்ஃப்ளானைக் கழுவிவிட்டால் இந்த ஆபத்து நீங்கும். அந்த மாணவிக்கு அன்று கண் முன்னே தெரிந்தது. சொட்டு நீர்க் குழாய்க்குள் இரண்டு மருந்துகள் சந்திக்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை.

இந்த ஊசி வேண்டாத ஊசி என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். குடற்புண் வெடித்து இரத்த வாந்தி எடுத்தவர், தார் போலக் கருத்த மலம் கழித்தபடி நாடி தளர்ந்து வந்தவர் எனப் பலரை நான் பார்த்திருக்கிறேன். அத்தகையவர்களில் எண்டோஸ்கோப்பி வழியாக இரத்தக் கசிவை அடைத்த பின் 80 மில்லிகிராம் கொடுத்து, தொடர்ந்து மணிக்கு 8 மில்லிகிராம் வீதம் 72 மணி நேரம் ஏற்றியதால் மறுகசிவின்றி வீடு திரும்பியவர்கள் உண்டு. செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர்களுக்கும், வாய்வழி எதுவும் தரக் கூடாத நிலையில் இருப்பவர்களுக்கும் இது தேவைப்படலாம். ஆனால் விழுங்க முடிந்தவருக்கு இதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் நூற்றுக்கு எழுபத்தேழு பங்கு இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறும்போது அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. ஊசிதான் வேகமாகக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை இந்த மருந்தைப் பொறுத்தவரை பெரும்பாலோருக்குப் பொருந்தாது. இட்லி சாப்பிடும் என் தாயாருக்கு எதற்காக ஊசி என்று ஆறாம் நாள் மருத்துவரிடம் பணிவோடு கேட்டபோது, அவர் சிகிச்சைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘அறுவை சிகிச்சையன்று எழுதியது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி அக்கணமே அதை அடித்துவிட்டு மாத்திரையாக எழுதினார். கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மக்கள் தரப்பிலும் மாற வேண்டியது உண்டு. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சு எரிந்தாலும், வயிறு உப்பினாலும், ஏப்பம் நிற்காவிட்டாலும் மருத்துவரிடம் போய், ‘ஒரு கேஸ் ஊசி போட்டு விடுங்க’ என்று கேட்டு வாங்குகிறோம். போட மறுக்கும் மருத்துவரைக் கைராசியில்லாதவர் என்று சொல்லி அடுத்த கிளினிக்கைத் தேடுகிறோம். இந்த மருந்து இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தைச் சுரக்கும் பம்பை அடைக்கிறது. வயிற்றில் சேர்ந்த காற்றை இது வெளியேற்றுவதில்லை. ‘கேஸ்’ என்று நாம் வைத்த பெயரே நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. அதில் மிகக் கொடிய தவறை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டாதவர், இரவு ஒன்பது மணிக்கு நெஞ்சு அடைக்கிறது, வேர்க்கிறது என்று அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போய், கேஸ் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பி, சற்றுத் தேவலை என்று படுத்தார். விடியற்காலையில் வலி மீண்டும் வர, 108 ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனபோதுதான் முந்தைய இரவிலிருந்தே மாரடைப்பு என்று ஈ.சி.ஜி. காட்டியது. உயிர் பிழைத்தார், ஆனால் இன்று அரிசி மூட்டையைத் தூக்க அவரால் முடிவதில்லை. நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட நெறி. மேல்வயிற்று வலி, வேர்வை, இடது கை அல்லது தாடை வலி என்று வருபவருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு, ஈ.சி.ஜி. பார்க்காமல் கேஸ் ஊசி போட்டு அனுப்புவதை எந்த மருத்துவரும் செய்யக் கூடாது. நாமும் அப்படிக் கேட்கக் கூடாது.

அரிதாகவேனும் இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு மூச்சுத் திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். ஆகவே அந்த ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் வைத்த அவசர சிகிச்சைத் தட்டு கையெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில், அதிலும் வீட்டுக்கு ஆள் வரவழைத்து, இதைப் போட்டுக்கொள்ளவே வேண்டாம். இந்த வகை மருந்துகளை நெடுநாள் தொடர்ந்தால் உடலில் மக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையலாம். எலும்பு முறிவு வாய்ப்பு கூடலாம். சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கும் 82 வயது மூதாட்டிக்கு இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். மருத்துவமனையில் ஊசியாகத் தொடங்கியது டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையாக மாறி, எப்போது நிறுத்துவது என்ற குறிப்பின்றி ஆண்டுக்கணக்கில் வீட்டு மருந்துப் பெட்டியில் தங்கிவிடுவதை நம்மில் பலர் அறிவோம். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுவோர், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்போரும், மூட்டுவாதம், புற்றுநோய் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்போரும், ஊசி போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள்: இந்த ஊசியை எழுதும்போதே எதற்காக, எந்தத் தேதி வரை என்பதையும் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள், நோயாளி சாப்பிடத் தொடங்கிய அன்றே மாத்திரைக்கு மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வேண்டாத ஊசிகள் நின்றாலே, வேண்டியவருக்குக் கொடுக்கச் செவிலியர் கையில் அந்த இரண்டு நிமிடம் மிஞ்சும். ஊசிக்குப் பின் கை வீங்கினாலோ, தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ சிகிச்சைக்குப் பிறகு அதைப் பதிவு செய்ய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. மருத்துவர்கள் மட்டுமல்லாமல் நோயாளியின் வீட்டாரும் அதில் பேசலாம். என் தாயாரின் கையைப் பற்றி நான் பேசினேன்.

இறுதியாக, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம். கழகம் வாங்கும் மருந்துகளின் மேலுறையில் அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற வாசகத்தை உற்பத்தியாளர்கள் அச்சிட்டுத் தருகிறார்கள். அதே போல இந்தக் குப்பியின் உறையில் தமிழில் மூன்று தொடர்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும்: சிரையில் மட்டும். 10 மில்லி சலைனில் கரைத்து, 2 நிமிடத்துக்குக் குறையாமல். வேறு மருந்தோடு கலக்காதீர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்.