கிலோவாட் வேறு, யூனிட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் குடியாத்தத்தில் 20 வருஷத்துக்கு மேலாக வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கல்லூரி மொட்டை மாடியில் சோலார் போட்ட செய்தி வந்தது, அதில் 'தினமும் 100 கிலோவாட் மின்சாரம் கிடைக்கும்' என்று இருந்தது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கிலோவாட் என்பது மின்சாரம் எந்த வேகத்தில் செலவாகிறது, எந்த வேகத்தில் உற்பத்தியாகிறது என்பதற்கான அளவு, ஒரு கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் மீட்டரில் ஏறுவது ஒரு கிலோவாட்-மணி, அதைத்தான் யூனிட் என்கிறோம். ஒரு வாட் என்றாலே நொடிக்கு ஒரு ஜூல் ஆற்றல். நேரக் கணக்கு அதற்குள்ளேயே இருக்கும்போது மேலே இன்னொரு 'தினமும்' எதற்கு?

சின்னப் பிழைதானே என்று விட முடியவில்லை, ஏனென்றால் இதில் ஜனங்களின் காசு போகிறது. காட்பாடி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவிடம் 3 கிலோவாட் சோலார் விற்க வந்த ஆள், மூன்றை 24ஆல் பெருக்கி, நாளுக்கு 72 யூனிட் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரியில் வெயில் ஏது? ஒரு கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட், அப்போது 3 கிலோவாட்டுக்கு 12தான். அந்த 12 யூனிட்டே ஒரு சாதாரண வீட்டுக்கு நல்ல பலன்தான், ஆனால் அந்த அம்மா 72ஐ நம்பி அல்லவா கடன் வாங்கினார்.

அப்புறம் ஃபேன். வாட் அதிகம் என்று கீசரைப் பார்த்துப் பயப்படுகிற வீட்டில் ஃபேனை யாரும் கவனிப்பதில்லை. 2,000 வாட் கீசர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். பழைய 75 வாட் ஃபேன் ராத்திரி பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், வேலூர் வெயிலில் சித்திரை வைகாசியில் ஃபேனை நிறுத்தவும் முடியாது, ஆக இலவசம் முழுவதையும் அந்த ஒரு ஃபேனே தின்றுவிடுகிறது. இதே வேலையை 30 வாட்டில் செய்கிற பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த ஃபேன், இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்டோடு முடித்துக்கொள்ளும். நான் போகிற வீடுகளில் இதைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினால் உடனே புரிந்துகொள்கிறார்கள், சொல்லத்தான் ஆளில்லை.

கிணற்று மோட்டாருக்கும் இதே கணக்குதான். ஒரு எச்பி, அதாவது ஒரு குதிரைத் திறன், 746 வாட், 5 எச்பி மோட்டார் 4 மணி நேரம் ஓடினால் 15 யூனிட், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

உங்கள் நிருபர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சோலார் செய்தி எழுதும்போது பிளான்ட் எத்தனை கிலோவாட், ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வரும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரிச் செய்தியில் இருந்த 100 இதில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதற்கு ஒரு திருத்தமும் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்