குண்டானைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் தண்டையார்பேட்டை பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பயந்துபோய் நல்ல குண்டானையெல்லாம் பழைய இரும்புக் கடையில் போடுகிறார்கள்.

சந்தேகம் கிளம்பியது 1965-இல். முயல் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பணுக்களில் முடிச்சுகள் வந்தன, ஆனால் அவை அல்சைமர் நோயாளிகளுக்கு வரும் முடிச்சுகளிலிருந்து வேறுபட்டவை என்று பிறகு தெரிந்தது. உணவில் போகும் அலுமினியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும், அதில் பெரும்பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் கெட்டவர்கள் கதை வேறு: 1970-களில் டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியம் நேரே ரத்தத்தில் கலந்து, பேச்சு குழறி, வலிப்பு வந்து நோயாளிகள் இறந்தே போனார்கள். அதனால்தான் இன்று அந்தத் தண்ணீரை அவ்வளவு கவனமாகச் சுத்திகரிக்கிறார்கள்.

சரி, புளிக்குழம்பை ராத்திரி முழுக்க அலுமினியத்தில் வைத்தால் உலோகம் கொஞ்சம் கரையத்தான் செய்யும், எவர்சில்வருக்கு மாற்றினால் போச்சு. மறதி நோய்க்கான 14 ஆபத்துக் காரணிகளை 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. அதில் அலுமினியம் இல்லை, ரத்த அழுத்தம், சர்க்கரை, காற்று மாசு எல்லாம் இருக்கின்றன. மணலி, எண்ணூர் காற்றைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை, உங்கள் நாளிதழாவது விரிவாக எழுதலாமே.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை